சாட்சிக் கூண்டில் பார்லி

வெர்னா கோஸ்டிக் பத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினார். கனடாவில் மெடிசின் ஹாட் நகரத்துக்குத் தெற்கே, கோதுமை வயல்களுக்கு நடுவே போகும் சரளைச் சாலைதான் அவர் தடம். அந்தத் தடத்தில் ஒரு சிறுமி எப்போதும் கடைசியாகத்தான் இறங்குவாள். வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பாள்.

"எறங்கும்மா, எனக்கும் வீடு இருக்குல்ல" என்று வெர்னாதான் விரட்டுவார்.

அந்த வீட்டுக்குள் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது வெளியே வந்தபோது அவளுக்கு இருபது வயதாகிவிட்டிருந்தது. வெர்னா அந்த வருஷத்தோடு பேருந்தை விட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் அலுவலகத்தில் சேர்ந்தார். சாட்சி சொல்லும் குழந்தைகளுக்குத் துணையாக இருக்கப் பயிற்சி முடித்து வந்த பார்லி என்ற கறுப்பு லாப்ரடார் நாயின் கயிற்றை அங்கே அவர் கையில் கொடுத்தார்கள்.

கணவர் ஸ்டான் சீண்டினார்: "முப்பது வருஷமா பழக்கியும் நானே நீ சொன்ன பேச்சைக் கேக்கல. இவன் கேப்பானாக்கும்?"

"இவன் எதிர்த்துப் பேச மாட்டான்ல."

வேலையில் ஒரே ஒரு கண்டிப்பான விதி. நடந்ததைப் பற்றிக் குழந்தையிடம் எதுவும் கேட்கக் கூடாது, எதுவும் சொல்லவும் கூடாது. மீறினால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

வெர்னாவும் பார்லியும் துணை நிற்க வேண்டிய தெஸ்ஸாவுக்கு ஒன்பது வயது. அவள் அம்மாவோடு வாழ்ந்த ஆள் மேல்தான் வழக்கு. அவன் மீது இரண்டு குற்றச்சாட்டுகள். முதல் மூன்று சந்திப்புகளில் தெஸ்ஸா வாயே திறக்கவில்லை. நான்காவது முறை பார்லியின் காதைத் தூக்கிப் பிடித்து அதற்குள் ஏதோ முணுமுணுத்தாள். வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன சொன்னேன்னு கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்மா."

"இவன் யார்கிட்டயாவது சொல்லிடுவானா?"

"பிஸ்கெட்டைக் காட்டிக் கேட்டாக்கூட சொல்ல மாட்டான்."

நவம்பரில் விசாரணை வந்தது. அந்த ஆளின் முகம் தெரியாதபடி திரை வைத்திருந்தார்கள். பார்லி தெஸ்ஸாவின் காலடியில் படுத்திருந்தான். அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் வெர்னா.

"அதெல்லாம் கனவா இருந்திருக்கலாம் இல்லையா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

தெஸ்ஸா பார்லியின் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இறுக்கியதில் அவள் விரல் வெளுத்துப் போவதை வெர்னா பார்த்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல வழியில்லை. தன் முழங்காலையே அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெஸ்ஸா நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்து, நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்போது ஒரு குறட்டை கேட்டது.

நீதிபதி எட்டிப் பார்த்தார். "அது நாயா?"

"ஆமா. தூங்கிட்டான்" என்றது கீழேயிருந்து குரல்.

"பரவாயில்ல. நான் பேசறப்போ பெரிய பெரிய வக்கீலுங்களே தூங்கியிருக்காங்க. கொஞ்சம் வெளிய போய்ட்டு வர்றியாம்மா?"

"வேண்டாம். இங்கேருந்தே சொல்றேன். மேல வந்தா பேச்சு நின்னுடும்."

நீதிபதி தலையசைக்க, எழுத்தர் ஒலிவாங்கியைத் தரையில் கொண்டுவந்து வைத்தார்.

"கனவு இல்ல" என்றாள் தெஸ்ஸா. "கனவுன்னா முழிச்சா போயிடும்."

பிறகு இருபது நிமிஷம், நாயின் மேல் வைத்த கையை எடுக்காமல் சொல்லி முடித்தாள்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு. முதல் குற்றம் நிரூபணமானது. இரண்டாவதில் தேதி குறித்துச் சந்தேகம் இருந்ததால் அதிலிருந்து மட்டும் அவனை விடுவித்தார்கள்.

நடைபாதையில் அரசு வக்கீல் இங்க்ரிட் மண்டியிட்டு விளக்கினார்: "நீ பொய் சொன்னேன்னு நீதிபதி சொல்லலடா. நிரூபிக்க ஆதாரம் போதலன்னுதான் சொன்னார்."

தெஸ்ஸா அவரைப் பார்க்கவில்லை. வெர்னாவிடம் திரும்பினாள். "அப்போ ரெண்டாவதை நம்பலையா?"

வெர்னா இங்க்ரிட்டைப் பார்த்தார். இங்க்ரிட் தடுக்கவில்லை.

"நான் நம்புறேன்" என்றார் வெர்னா. "ரெண்டையும் நம்புறேன். அன்னிக்கே சொல்லணும்னு இருந்துச்சு. வேலை விதி விடல."

தெஸ்ஸா பார்லியின் கயிற்றை வெர்னாவின் கையில் வைத்தாள்.

"இவனுக்குத் தண்ணி குடுங்க. காலைலேருந்து குடிக்கல."

லெத்பிரிட்ஜ் ஊரிலிருந்து வந்திருந்த சித்தி அவளுக்குக் கோட்டை மாட்டிவிட்டு, காருக்கு அழைத்துப் போனாள். வெர்னா கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து வைத்தார். பார்லி சளப் சளப்பென்று குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.