மௌத்தானவளின் காணி

நான் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் நாவிதன்வெளியில் ஒரு தமிழ் விவசாயி. எங்கள் மேட்டுக்காணிக்கு அடுத்த வயல் அவருடையது.

அந்தக் காணி வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. யுத்தகாலத்தில் அந்தப் பக்கம் போக முடியாமல் அது பற்றைக்காடாய்க் கிடந்தது. பிறகு கடல் வந்தது. கல்முனைக்குடியில் வாப்பாவும் உம்மாவும் என் கணவரும் ஒரே காலையில் போனார்கள். அலுமாரியோடு காணி உறுதிப் பத்திரமும் போயிற்று. மிஞ்சியது நானும், கூடப்பிறந்த மூத்தவரான காக்காவும்தான். நான் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனேன். ஒவ்வொரு பெருநாளைக்கும் காக்காவோடு தொலைபேசியில் கதைத்தேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து ஊர் திரும்பியதும் காணியைப் பார்க்கப் போனேன். பற்றை வெட்டப்பட்டு, வரிசையாக இரும்புக் கால்கள் நடப்பட்டிருந்தன. சூரிய மின்சாரத் திட்டம் என்றார்கள். காக்காவின் பெயரைச் சொன்னதும் அந்த விவசாயி என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அவர்ர தங்கச்சியா? சுனாமியில செத்திட்டீங்க எண்டுதானே உங்கட காக்கா சொன்னவர்? அப்பிடிச் சொல்லித்தான் கம்பெனிக்குக் காணியக் குடுத்தவர்."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன பெருநாளைக்கும் "சுகமா இருக்கியா புள்ள?" என்று கேட்டவர் அவர்.

அன்று மாலை காக்கா வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு தந்தார்கள். சாப்பிட்டேன். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வீட்டுக்குள் கேட்டால் வீட்டுக்குள்ளேயே அழுது முடித்துவிடுவார். எனக்கு அது போதாது.

காணிப் பதிவகத்துக்குப் பல தடவை நடந்து உறுதியின் பிரதியை எடுத்தேன். கம்பெனிக்காரர் கிராமத்து மக்களைக் கூட்டும் நாள்வரை காத்திருந்தேன்.

கொட்டகையின் முன்வரிசையில் காக்கா வெள்ளைச் சட்டையோடு இருந்தார். காணி சம்பந்தமாக யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி வழக்கத்துக்குக் கேட்டார். நான் எழுந்தேன்.

"ஓம், எனக்கு இரிக்கி. இந்தக் காணிக்காரி நான். கடலோட மௌத்தாப் போனதா எழுதியிரிக்கிறது என்னத்தான்."

காக்கா முன்வரிசையிலிருந்து எழுந்தார். ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"புள்ள, ஊட்டுக்குப் போய்க் கதைப்பம்."

"மௌத்தானவளோட என்ன கதை காக்கா?"

ஊரே பார்க்க அவர் என் கையை விட்டார். அந்தக் காட்சியை ஆசைதீர அனுபவித்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். பள்ளிவாசல் நிருவாகிகள் வந்தார்கள். "ரெத்தச் சொந்தம் மகள், மன்னிச்சிடுங்க" என்றார்கள். "உசிரோட இரிக்கக்குள்ள என்ன மையித்தாக்கினவர். மன்னிக்க மாட்டன்" என்றேன். காக்கா சில வாரங்கள் விளக்கமறியல் சிறையில் இருந்தார். மதினி என் வாசலில் நின்று அழுதாள். அவள் அழுகை மட்டும் கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை. என் மரணப் பத்திரம் கள்ளம் என்று நிரூபணமாகி, காணி என் பெயருக்கே வந்தது.

கம்பெனி என்னோடு புதிதாகக் குத்தகை பேசியது. இரண்டு நிபந்தனை வைத்தேன். விவசாயியின் வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலை அடைக்கக்கூடாது. வாசல் பலகையில் காணிச் சொந்தக்காரியாக என் பெயரை மூன்று மொழியிலும் பெரிதாக எழுதவேண்டும்.

காக்காவின் வயலுக்குப் போகும் பாதை அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. விதைப்புக் காலத்தில் தினமும் போவார். தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பார் என்று விவசாயி சொல்கிறார். எனக்கு இன்னும் ஆறவில்லை.