பருப்பு வேகும் வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வீடு பார்க்க வந்தவர் அறைகளைப் பார்ப்பதற்கு முன், நான் கொடுத்த கண்ணாடித் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சுழற்றினார்.

"கேன் தண்ணியா அண்ணாச்சி?"

"இப்பதான் மூடி திறந்தேன்" என்றேன், சற்றுப் பெருமையாக.

"சரி. வீட்ல கலந்துக்கிட்டு சொல்லுதேன்."

அறைகளை எட்டிப் பார்த்ததோடு சரி. படியிறங்கிப் போய்விட்டார்.

தச்சநல்லூரில் அந்த மாடி வீட்டை, ஓய்வுபெற்றபோது கையில் வந்ததை மொத்தமாகப் போட்டு வாங்கியிருந்தேன். வாங்குவதற்கு முன் கைபேசியில் நிறையப் படித்தேன், நிறையக் கேட்டேன். வாடகைக்கு விட வீடு வாங்குபவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் என்று கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞர் ஒரு காணொளியில் அடுக்கினார். பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், எப்படிப்பட்டவர் குடிவருவார், பழுதுக்கு யார் பொறுப்பு, வீடு காலியாகக் கிடந்தால் தாங்குவீர்களா. கடைசிக் கேள்வி எனக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டேன். வீடு பங்குனியில் தயாரானது. ஆனி பாதி போயும் பூட்டிக் கிடந்தது.

தரகர் காரணம் சொன்னார். "சுவத்துக்கு பச்சை அடிச்சிருக்கீய அண்ணாச்சி. உள்ள நுழைஞ்சா ஆஸ்பத்திரி மாதிரில்லா இருக்கு."

வெள்ளை அடித்தேன். மறுபடி வந்து பார்த்தார். "இப்ப ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்கு."

"ஆள் இல்லாத வீடுதானவே இது!"

"அதான் சொல்லுதேன்" என்றார்.

என் மனைவி சுருக்கமாகப் பேசுபவள். "ஆடி பொறந்துட்டா ஒருத்தரும் பால் காய்ச்ச மாட்டாங்க. அதுக்குள்ள ஆள் வரலைன்னா வித்துருவோம். பேங்க்ல போட்ட பணத்துக்கு யாரும் வெள்ளை அடிக்க வேண்டாம்."

வந்தவர்கள் எல்லோரும் தவறாமல் செய்தது ஒன்றுதான். தண்ணீர் கேட்டார்கள். மாடிப்படி செங்குத்து, தாகமாக இருக்கும் என்று நினைத்தேன். ஊரின் மறுகோடியில், பெருமாள்புரம் தாண்டி நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான், உப்பு. அங்கே விருந்தாளிக்குக் குழாய்த் தண்ணீரைக் கொடுப்பது சண்டைக்கு இழுப்பதற்குச் சமம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரு கேனை நானே தோளில் வைத்து மாடி ஏற்றியிருந்தேன்.

ஆனியின் கடைசி ஞாயிறன்று ஒரு கணக்கு டீச்சர் வந்தார். அன்று என் மனைவியும் உடன் இருந்தாள். டீச்சரும் தண்ணீர் கேட்டார். கேனைச் சாய்த்தேன்.

"இது வேண்டாம் அண்ணாச்சி. குழாய்ல என்ன வருது?"

"ஆத்துத் தண்ணி."

"ஆத்துத் தண்ணி வார வீட்ல கேன் எதுக்கு?"

"வாரவங்களுக்கு ஒரு மரியாதைக்கு."

"மரியாதையா?" அவர் என்னையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார். "உப்புத் தண்ணிய மறைக்கீயன்னுல்லா நினைச்சேன். யாரும் அப்படித்தான் நினைப்பாங்க."

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

டீச்சர் பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து, அடுக்களைக் குழாயில் நிரப்பிக்கொண்டார். "வீட்ல போயி இதுல பருப்பு வேக வச்சுப் பாத்துட்டு சொல்லுதேன். வாய் ஏமாந்துரும், பருப்பு ஏமாறாது." பிறகு கேள்விகளை ஆரம்பித்தார். மழைக்கு எந்த மூலை ஒழுகும்? சுவரில் ஆணி அடிக்கலாமா? மோட்டார் போட மாடியிலிருந்து யார் இறங்க வேண்டும்? நான் அவரைக் கேட்பதற்காக மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்விகளுக்கு முறை வரவே இல்லை.

கடைசியாகக் கேட்டார்: "மக பிளஸ் டூ படிக்கா. எங்களக் குடிவச்சுட்டு, பாதியில வீட்ட விக்கப் போறோம்னு வந்து நிப்பீயளோ?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"மொதல்ல பருப்பு வேகட்டும்" என்றாள் அவள்.

அன்று பிற்பகல் முழுவதும் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேர்தல் முடிவுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. இடையில் தரகர் கூப்பிட்டு, வாசல் கதவுக்கு மஞ்சள் அடித்தால் என்ன என்று கேட்டார். அழைப்பைத் துண்டித்தேன்.

மாலையில் ஒரு புகைப்படம் வந்தது. குக்கருக்குள் துவரம் பருப்பு, கரண்டி பட்ட இடத்தில் மசிந்து கிடந்தது. கீழே, 'வெந்துட்டு அண்ணாச்சி. மூணே விசில்.'

மனைவி கைபேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தாள். எங்கள் அடுக்களை உப்புத் தண்ணீரில் துவரம் பருப்பு ஏழு விசிலுக்கும் அசையாது.

"விக்க மாட்டோம்னு எழுதுங்க" என்றாள்.

ஆடி பிறப்பதற்கு முன், அந்த வியாழக்கிழமையே, டீச்சர் வீட்டார் பால் காய்ச்சினார்கள். அந்தக் கேனை மனைவி நன்றாகக் கழுவி எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஞாயிறுதோறும் காலையில் தச்சநல்லூர் போகிறேன். கதவைத் தட்டி, டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, அடுக்களைக் குழாயில் கேனை நிரப்பி, தோளில் வைத்து மாடியிலிருந்து இறக்குகிறேன்.