மணலோடு கொட்டிய மீன்

உயிரோடிருந்த மீனை முற்றத்தில் கொட்டியவன் நான்.

ஹுன்னஸ்கிரியவிலிருந்து வேலைக்காக வந்து, திகனயில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றரை வருஷம். வேலை பார்க்கும் கடைக்குப் போவேன், வருவேன், பேச ஆளில்லை. அதனால்தான் கண்டியில் அந்த நாக்கு மீனை வாங்கினேன். உள்ளங்கையளவு, தட்டையாக, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். துணைக்கென்று வாங்கினால், தொட்டியில் விட்டதுமே மணலுக்குள் புதைந்துகொண்டது.

இரண்டு வாரமாகக் கண்ணில் படவேயில்லை. போட்ட தீனி அப்படியே ஊறிக் கிடந்தது. செத்துவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். ஞாயிறு காலை தண்ணீரை வாளிக்கு மாற்றிவிட்டு, மணலைக் கிளறிக்கூடப் பார்க்காமல் மதிலோரம் கொட்டினேன். எல்லாம் கோபம்தான். இதுவும் என்னோடு இருக்கவில்லையே என்று.

சற்று நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அதுவரை என் கதவை யாரும் தட்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண். எங்கள் வீடுகள் இருக்கும் ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் ராத்தா, அக்கா. கையில் தண்ணீர்ச் சட்டி. பூச்சாடிக்கு மணல் அள்ள வந்தாராம்.

“தம்பி, இது ஒங்கட மீனா? மணலுக்குள்ள துடிச்சிட்டு ஈந்திச்சி. உசிரோடதான் ஈக்குது.”

சட்டியின் அடியில் அது இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தது. சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

போகும்போது சொன்னார்: “இங்க ஆளீக்கிறதே எங்களுக்குத் தெரியா தம்பி. ஒரு சத்தமும் இல்ல. வீடு சும்மா பூட்டிக் கெடக்கு எண்டுதான் நெனச்சோம்.”

மீன் இன்னமும் மணலுக்குள்தான் இருக்கிறது. நான்தான் தினமும் காலையில் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, “ராத்தா, வேலைக்குப் போறேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.