ஷட்டரைத் தூக்கப்போவது யார்

வீரணனைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் என் முட்டாள்தனத்தில் இருந்துதான் தொடங்கவேண்டும்.

வேலம்பாளையத்தில் எனக்கு இருபத்திரண்டு மெஷின் ஓடும் சின்ன தையல் யூனிட். ஒவ்வொரு முறை புது ரோடு போடும்போதும் ரோடு உயர்ந்தது, என் வாசல் பள்ளமானது. போன மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்து, தைத்து வைத்த பீஸெல்லாம் மிதந்தன. எனவே தரையை முக்கால் அடி ஏற்றி, வாசலை இடித்துப் புதிதாகக் கட்டினேன். பழைய ஷட்டர் அடியில் துருப்பிடித்து அப்பளமாக நொறுங்கியது. முதலிபாளையத்தில் மூடிவிட்ட ஒரு கம்பெனியில் நல்ல ஷட்டர் ஒன்று கழற்றி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போனேன். பார்த்தேன், அளந்தேன், கொண்டுவந்துவிட்டேன்.

அளந்தது எதில் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்ச் டேப்பில். பனியன்காரன் கல்லறையைக்கூட அதில்தான் அளப்பான். அந்த டேப் நாள்பட நாள்பட இழுபட்டு நீளும். நீண்ட டேப்பில் அளந்தால் அளவு குறைவாகக் காட்டும். மாதம் ஒருமுறை புது டேப் மாற்றச் சொல்லி செக்கிங் பெண்களிடம் பத்தொன்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருப்பவன் நான். என் கழுத்தில் கிடந்தது எத்தனை வருஷத்து டேப் என்று எனக்கே தெரியாது. வாசலை மட்டும் கொத்தனார் இரும்பு டேப்பில் அளந்து கட்டியிருந்தார்.

வாசலில் நிறுத்திப் பார்த்தால் ஷட்டர் மூன்று இஞ்ச் அகலம் கூடுதல். எங்கள் துணி என்றால் இழுத்துச் சுருக்கி எப்படியாவது உட்கார வைத்துவிடுவோம். இரும்பு அசையவில்லை. அப்போதுதான் ஷட்டர் வேலை செய்யும் வீரணனைக் கூப்பிட்டேன்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஐம்பத்து நாலு வயதிருக்கும். இருபத்தைந்து வருஷம் முன்பு மனைவி ஒச்சம்மாளோடு திருப்பூர் வந்து, இரண்டு பேரும் ஒரே பனியன் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார்கள். ஒச்சம்மாள் இன்றைக்கும் செக்கிங்கில் இருக்கிறாள். வீரணனுக்குத் துணி கைக்கு அடங்கவில்லையாம். நாலே மாதத்தில் ஷட்டர் பட்டறைக்குப் போய்விட்டார். துணி உலகத்தில் இருந்து அவர் எடுத்துக்கொண்டு போனது ஒன்றே ஒன்று, துணியில் கோடு போடும் டெய்லர் சாக் கட்டி. எண்ணெய் பட்ட தகரத்தில் பென்சில் கோடு நிற்காது, சாக் நிற்கும் என்று அதில்தான் குறி போடுவார். தீர்ந்தால் ஒச்சம்மாள் கொண்டுவந்து கொடுப்பாள்.

எக்ஸெல் வண்டியை நிறுத்திவிட்டு அவர் வாசலையும் பார்க்கவில்லை, ஷட்டரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "தெனமும் காலையில இதத் தூக்கப்போறது யாருண்ணே?" என்றார்.

"நான்தானுங்க" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே. அகலத்தைக் குறைக்க வந்தவருக்கு அந்தக் கதை எதற்கு?

உண்மையில் என் எரிச்சலுக்குக் காரணம் வேறு. யூனிட் ஆரம்பித்த நாளில் இருந்து ஷட்டரை என் கையால்தான் திறப்பேன். முதலாளி கையால் ஏற்றி, வாசலில் சூடம் காட்டிய பிறகுதான் மெஷின் ஓடவேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அந்த வழக்கம் உண்டு. ஆனால் நாலு மாதம் முன்பு கோயம்புத்தூரில் என் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். கனம் தூக்கக்கூடாது, எதையும் பலமாக இழுக்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். என் மனைவி நல்லம்மாளைத் தவிர யாருக்கும் தெரியாது. மகள் வீட்டில் ஓசூரில் இருந்தேன் என்று யூனிட்டில் சொல்லிவிட்டேன். இந்த மணியன் படுத்துவிட்டான் என்று தெரிந்தால் வேலை கொடுக்கிற கம்பெனி பீஸை வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிடும் என்று பயம். அதோடு வீம்பும். வாசல் வேலை நடந்ததில் எல்லோரும் பக்கத்துக் கதவு வழியாக வந்து போனார்கள்; எதையும் தூக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை பூஜை போட்டு எல்லோர் முன்னிலையிலும் திறப்பதாகச் சொல்லியாகிவிட்டது.

வீரணன் மூன்று நாள் வேலை செய்தார். தகடுகளை ஒவ்வொன்றாக உருவி, இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் சாக் கோடு போட்டு வெட்டினார். ஒரே பக்கம் மூன்று இஞ்ச் வெட்டினால் வேலை பாதிதானே என்று யோசனை சொன்னேன். கைப்பிடி நடுவில் உட்காராது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மேலே ஷட்டர் சுருளும் பைப்பையும் வெட்டிச் சுருக்கினார். வெட்டிய துண்டுகளை எண்ணிக் கோணிப்பையில் கட்டினார், ஒன்று குறைந்தால் யார் காலிலோ ஏறும் என்று. இவ்வளவு பொறுமையான மனிதரைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். ஏனோ அவரிடம் வரவில்லை.

சனிக்கிழமை மாலை மாட்டி முடித்துவிட்டு என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஆட்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள். குனிந்து கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏற்றினேன். இடுப்பு உயரத்தில் நெஞ்சுக்கு நடுவே கம்பியால் இழுத்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

"கனமா இருக்காண்ணே?"

"இல்லீங்க. லேசாத்தான் இருக்குது."

அவர் மேலே பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார். சித்திரை வெயிலிலும் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய சாக்கைத் துடைத்தபடி ஒரு பழைய கதை சொன்னார். பல வருஷம் முன்பு ஒரு கம்பெனிக்கு ஷட்டர் மாட்டினாராம். முதலாளி ஒரு தடவை தூக்கிப் பார்த்து, லேசாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். நாலு வருஷம் கழித்து அந்த வழியாகக் காலையில் போனபோது, கூட்டிப் பெருக்கும் காளியாத்தாள் என்கிற அம்மாள் அந்த ஷட்டரைத் தோளைக் கொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தாளாம். தோள் ஒரு பக்கமாகவே சரிந்துவிட்டதாம். அன்றைக்கு வண்டியை நிறுத்தி மேலே இருக்கும் ஸ்பிரிங்கைத் திருகிக் கனத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகு யார் தூக்குவார்கள் என்று கேட்காமல் இஞ்ச் டேப்பை எடுப்பதில்லையாம்.

"அந்தம்மா தோள நான்தாண்ணே கெடுத்தேன்" என்றார். "நீங்க நெசத்தச் சொன்னாத்தான் ஸ்பிரிங்குக்கு எத்தன சுத்து வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

மேல் இரண்டு பட்டனைக் கழற்றித் தழும்பைக் காட்டினேன்.

அவர் எழுந்து ஏணியைப் போட்டார். வண்டிப் பெட்டியில் இருந்து இன்னொரு ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து பைப்பில் ஏற்றி, கம்பி கொடுத்து ஒவ்வொரு சுற்றாகத் திருகினார். நடுநடுவே என்னைத் தூக்கச் சொன்னார். இப்போது நான் ஒளிக்காமல் சொன்னேன்: இன்னும் கனம், இன்னும் கொஞ்சம், இப்போது பரவாயில்லை. கடைசியில் இடது கையின் நாலு விரலுக்கு ஷட்டர் மேலே போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீரணன் ஏணியில் இருந்து இறங்காமலே, "ஒரு விசயம் இருக்குண்ணே" என்றார். "ஏத்துறதுக்கு இம்புட்டு லேசா வச்சா, எறக்கும்போது ஸ்பிரிங் மேல இழுக்கும். தொங்கி இழுக்கணும். அது ஒங்களால ஆகாது. சாயந்தரம் ஒரு ஆள்ட்ட சொல்லணும்."

இரண்டு பக்கமும் லேசாக வைக்க முடியாதா என்று கேட்டேன். சமமாக வைத்தால் காலையில் அதே கனம் வரும், எது வேண்டும் என்று கேட்டார். காலையில் லேசாக இருந்தால் போதும் என்றேன். அன்றைக்கு ஷட்டரைத் தொங்கி இழுத்து இறக்கிப் பூட்டியதும் அவர்தான்.

திங்கட்கிழமை பூஜை நடந்தது. இருபத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க ஷட்டரை ஒரே கையால் ஏற்றினேன். கைதட்டினார்கள். சூடம் காட்டினேன். பகல் முழுக்க மெஷின் ஓடியது. எனக்கு மட்டும் வேலையில் மனம் செல்லவில்லை. ஆறு மணியை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு மணிக்கு ஆட்கள் கிளம்பினார்கள். சூப்பர்வைசர் மாதவன் கடைசியாக வந்து வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு நின்றான். தேனிப் பக்கத்துப் பையனாக வந்தவன், இப்போது அவனுக்கே நாற்பது வயது. அவனிடம் வேலை சொல்லியிருக்கிறேன், ஏசியிருக்கிறேன். உதவி கேட்டதில்லை.

"மாதவா, ஷட்டர நீ எறக்கீரு. என்னால முடியாதுப்பா" என்றேன்.

அவன் என்ன, ஏது என்று கேட்கவில்லை. எகிறிப் பிடித்துத் தொங்கி, இழுத்து இறக்கிக் காலால் மிதித்துப் பூட்டினான். ஷட்டர் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"தெரியும்ணே. நீங்களாச் சொல்லட்டும்னு நாலு மாசமா எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம்."