கன்னத்துக் காற்று

பட்டறையில் அவருக்குப் பெயர் பந்துக்கன்னம். நகைத் துண்டுகளைச் சுடரில் பற்று வைத்து ஒட்டும் பொற்கொல்லர். விளக்குச் சுடரருகே ஊதுகுழலை வாயில் வைத்து, இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு ஊதினாரென்றால், சுடர் ஊசியாக நீண்டு சொன்ன இடத்தில் போய் நிற்கும். கன்னத்துக் காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கு வழியாகப் புதுக் காற்றை இழுத்துக்கொள்வார். நடுவில் நிறுத்தினால் பற்று பிடிக்காது. இருபத்தெட்டு வருஷமாக அவர் வீட்டில் உலை கொதித்தது இந்த ஊதலில்தான்.

அப்பேர்ப்பட்டவருக்கு மூன்று மாதமாக இருமல். கைவைத்தியம் எதற்கும் அது அசையவில்லை. கடைசியில் டாக்டர், "மூச்சு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. நுரையீரல் கெட்டிருந்தா இனிமே நெருப்புப் பக்கமே போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அவருக்கோ வேறு வேலை தெரியாது. ஐம்பதைத் தாண்டியவரை யார் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள்? மனைவியிடம் "சும்மா ஒரு டெஸ்ட்" என்று மட்டும் சொன்னார். அவளும் கூடவே கிளம்பிவிட்டாள்.

டெஸ்ட் எடுக்கும் பெண் அவர் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ஓர் அட்டைக் குழாயைக் கொடுத்தாள். "நல்லா இழுத்து, ஒரே மூச்சா வேகமா ஊதுங்கய்யா. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

ஊதுவதற்குக்கூடவா இவருக்குப் பாடம்! கன்னத்தை உப்பி ஊதினார். ஒரு நொடியில் தீர்ந்துவிட்டது. வழக்கம்போல் மூக்கால் இழுக்கப் பார்த்தார்; கிளிப் விடவில்லை. திரையில் கோடு கொஞ்சமாய்த் தலைதூக்கிப் படுத்துவிட்டது. இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவையும்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் இவர் குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"அவ்வளவுதானாம்மா? மறைக்காம சொல்லிடு."

"இவ்வளவு காத்துதான்னா நீங்க மூணு மாடி ஏறியே வந்திருக்க முடியாதுய்யா. எங்கயோ இடிக்குது. இன்னொரு தடவை ஊதுங்க, நான் உங்க மூஞ்சியைப் பாக்கறேன்."

ஊதினார். அவள் குபீரென்று சிரித்துவிட்டாள். "ஐயா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னார்.

"அதானே! நீங்க வாய்க்குள்ள இருக்கற காத்தை ஊதறீங்க. அது ஒரு டம்ளர்கூடத் தேறாது. எனக்கு வேணுங்கறது நெஞ்சுக்குள்ள இருக்கற காத்து, நாலஞ்சு லிட்டர். உலைக்குக் காத்தடிக்கற துருத்தி பாத்திருப்பீங்கள்ல? அது மாதிரிதான். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல விரிச்ச குடையாட்டம் ஒரு தசை இருக்கு. அது கீழ இறங்குனா நுரையீரல் விரிஞ்சு காத்து தானா உள்ள வரும். மேல ஏறுனா வெளிய போகும். கன்னத்துக்கு இதுல வேலையே இல்ல."

அவருடைய உள்ளங்கையை எடுத்து அவர் வயிற்றின் மேலேயே வைத்தாள்.

துருத்தி என்றதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. வயிறு கையைத் தள்ளும் அளவுக்கு இழுத்தார். கன்னத்தை இறுக்கிக்கொண்டு ஒரே வீச்சாக விட்டார். கோடு திரையின் உச்சிக்குப் பாய்ந்தது. "விடுங்க, இன்னும், இன்னும்" என்று அவள் கத்த, அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

டாக்டர் தாளைப் பார்த்தார். "நுரையீரல் ஜம்முனு இருக்கே! பட்டறையில ஜன்னல் திறந்திருக்குமா?"

"சுடர் ஆடும்னு எப்பவும் மூடித்தான் வைப்போம்."

"அப்போ நகை கழுவற அமிலத்தோட புகை எங்க போகும்? உங்க மூச்சுக்குழாய்க்குள்ளதான். அது புண்ணாகித்தான் இருமுறீங்க. மருந்து தர்றேன். புகையை வெளிய தள்ள ஒரு ஃபேன் மாட்டிட்டு, வேலையைப் பாருங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்கு டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. வெளியே வந்து மனைவியிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவள் உடனே பையிலிருந்து போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், உங்க கம்பெனியில வாட்ச்மேன் வேலை கேட்டு வச்சேன்ல, அதை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு." அவள் குரல் உடைந்தது. "உங்க மாமா வரமாட்டார்டா. அவருக்கு வேலை இருக்கு."