புகைக்குள் வைத்த விளக்கு

பேய், ஆவி, கெட்ட காற்று என்று யாராவது வாயைத் திறந்தாலே நான் எழுந்து போய்விடுவேன். எங்கள் கடற்கரை ஊரில் அப்படிப்பட்ட கதை இல்லாத வீடு கிடையாது, எனக்கோ அதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். அதிலும் நான் நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் படித்தவள். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கோபம் வராது, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வருமே, அதில் இருக்கும் டெமோக்களை, அதாவது விளையாட்டுகளின் மாதிரித் துண்டுகளை, ஒன்று விடாமல் ஆடிப் பார்ப்பேன். முழு விளையாட்டு எங்கள் பக்கம் எந்தக் கடைக்கும் வராது. ஆகவே வாள், மந்திரம், பூதம் என்று எத்தனையோ உலகங்களின் முதல் தெருவை மட்டும் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு வாய்க்கு வந்தபடி குறை சொல்வேன். ஒன்றில் கோயில் சிலைக்கு விரல்களே இல்லை, மயிலாடிக் கல்தச்சர் யாராவது பார்த்தால் உளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். மரங்கள் பரவாயில்லை, குதிரைகள் சுமார். கடல்தான் சகிக்காது. எந்த விளையாட்டிலும் கடல் விரித்துப் போட்ட நீலப் பாலிதீன் தாள் மாதிரிதான் கிடக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கித் தந்தது என் அண்ணன் சூசை. அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு முதலில் இங்கே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனான், பிறகு வளைகுடாவில் மீன்பிடிப் படகுக்கு வேலைக்குப் போனான். விடுமுறையில் வந்தால் எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். அவனுக்குச் சண்டை பிடிக்காது. எதிரே ராட்சசன் வந்தாலும் ஒதுங்கிப்போய் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எங்கள் இருவருக்கும் பிடித்தது ஒரே ஒரு டெமோதான். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு பள்ளத்தாக்கு, இடிந்த கோபுரம், பிளந்த மலை, பட்ட மரம், கடைசியில் ஒரு மரக்கதவு. கதவைத் தாண்டினால் வெறும் புகை. புகைக்குள் கால் வைத்தவுடன் நம்மைத் திருப்பி விட்டுவிட்டு, முழு விளையாட்டை வாங்குங்கள் என்று எழுத்து வரும். அதில் நம் ஆளுக்கு உடம்பே கிடையாது. அவர் கண்ணால் நாம் பார்ப்போம், திரையில் இரண்டு கைகள் மட்டும் தெரியும்.

நான் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நடப்பேன். அண்ணனுக்கு அது பொறுக்காது.

"ஏட்டி, அந்தத் தாளை மூடு. கடலுக்குப் போறவன் தாளைப் பாத்துட்டா போறான்? கோபுரத்தைப் பாரு, மலைக்க இடுக்கைப் பாரு. ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு வருதுல்லா? அதான் உனக்க வழி."

எங்கள் ஆட்கள் நடுக்கடலில் இடம் பிடிப்பது அப்படித்தான். கரையைப் பார்த்துக்கொண்டே வெளியே போவார்கள். கோயில் கோபுரமும் மலை உச்சியும் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு கோடு. இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலையைப் போடுவார்கள். அடையாளத்திலிருந்து கண்ணை எடுத்தால் இடம் போச்சு என்பான் அண்ணன்.

அதை வைத்து எங்களுக்குள் ஒரு விளையாட்டு ஏற்பட்டது. அவன் வளைகுடாவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் டெமோவுக்குள் எங்காவது ஒரு பொருளை வைத்துவிட்டுப் போவான். ரொட்டி, கத்தி, கிண்ணம், எதுவாவது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்று போன் பண்ணி அடையாளங்களைச் சொல்வான், நான் தேடிப் பிடிப்பேன். வீட்டில் அவன் இல்லாத குறை அதில் கொஞ்சம் தீரும்.

கடைசியாகப் போனபோது விளக்கை வைத்திருந்தான். கோபுரம் மலை இடுக்கில் வரவேண்டும், பட்ட மரம் கதவின் வலது தூணில் வரவேண்டும் என்றான். நான் போய்ப் பார்த்தால் அந்த இரண்டு கோடும் கதவுக்கு வெளியே, புகைக்குள் போய்த்தான் வெட்டுகின்றன.

"கண்டுபிடிச்சியா?" என்று அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டான்.

"போண்ணே, அது புகைக்குள்ளல்லா வருது. அங்க ஒண்ணுமே கிடையாது. டெமோ அதோட முடிஞ்சிரும்."

"வெச்சவன் சொல்லுகேன், அங்கதான் இருக்கு. உனக்குத் தெரியல்லன்னா நான் வந்து காட்டித் தாறேன் ஏட்டி."

அவன் வரவில்லை. வலை எடுக்கப் போன படகு திரும்பி வந்தது, சூசை மட்டும் அதில் இல்லை என்று கூட இருந்தவர்கள் போன் பண்ணினார்கள். தேடினார்கள், கிடைக்கவில்லை. மாதங்கள் போயின. பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து, சூசையின் ஆன்மாவுக்காக ஒரு பூசை வைக்கலாமா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"உடம்பு வராம எனக்க மோனுக்கு யாரும் பூசை வைக்கப்படாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவனுக்கு ஒரு தட்டைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். நானும் அவள் பக்கம்தான். செத்துப்போனவனுக்கு அழலாம், வருவானா என்று இருப்பவனுக்கு என்ன செய்வது? அந்த ஏக்கம் இருக்கிறதே, அது மனிதரை உட்காரவும் விடாது, எழுந்து போகவும் விடாது.

ஒரு சனிக்கிழமை மதியம், அம்மா மீன் விற்றுவிட்டு வந்து பின்கட்டில் படுத்திருந்தாள். எனக்கு அவன் நினைப்பு தாங்கமுடியாமல் வந்தது. அந்த டெமோவைப் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் நடந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எப்போதும் புகையைப் பார்த்துக்கொண்டுதான் புகைக்குள் போயிருக்கிறேன். கடலுக்குப் போகிறவன் அப்படிப் போகமாட்டானே.

திரும்பி நின்றேன். கோபுரத்தை மலை இடுக்கில் சேர்த்தேன். கண்ணை எடுக்காமல் பின்பக்கமாக நடக்கிற பட்டனை அழுத்தினேன். கதவின் இரண்டு தூணும் என்னைத் தாண்டி முன்னால் போயின. சுற்றிலும் வெள்ளையாகப் புகை. வழக்கமான எழுத்து வரவில்லை. என்னைத் திருப்பிவிடவும் இல்லை. புகைக்கு மேலே கோபுரமும் மலையும் சின்னதாகத் தெரிந்தன. பட்ட மரம் மெதுவாக நகர்ந்து வந்து வலது தூணில் ஒட்டியது. நான் பட்டனை விட்டேன்.

என் காலடியில் மணல். மணலில் விளக்கு, எரிந்துகொண்டு.

ஹெட்போனில் கடல் கேட்டது. நீங்கள் சொல்ல வருவது தெரிகிறது, வீடு கடற்கரையில்தானே, வெளிச்சத்தம் கேட்டிருக்கும் என்பீர்கள். ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன், மாட்டியும் பார்த்தேன். மாட்டினால்தான் கேட்டது. அலை பாறை இடுக்கில் ஏறி, கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு இறங்குகிற சத்தம், அசல் எங்கள் ஊர்ச் சத்தம். அது எனக்கு முதுகுப்பக்கம் இருந்து வந்தது. திரும்பவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. திரும்பினால் அடையாளம் போய்விடும், இடம் போய்விடும், விளக்கும் போய்விடும் என்று பயந்தேன். பழக்கதோஷத்தில் முதலில் சேவ் பண்ணினேன். அடுத்த நொடி கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்ததும் மறுபடி திறந்தேன். கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பின்பக்கமாக நடந்தேன், திருப்பிவிட்டது. எத்தனை முறை போனாலும் திருப்பிவிட்டது. ஆனால் சேவ் பண்ணியது அப்படியே இருந்தது. அந்த டெமோ, சேவ் பண்ணுகிற நேரத்தில் திரையில் நாம் பார்ப்பதை ஒரு சின்னப் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் பார்த்தது விளக்கையும் கோபுரத்தையும். படத்தில் இருந்தது ஒரு கரை. கரையில் விளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண்.

நான் கூப்பிட்ட கூப்பாட்டில் அம்மா எழுந்து வந்தாள். தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். மவுஸைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள், திரைக்குக் கிட்டே வந்து குனிந்தாள்.

"இது ஆரு எடுத்த படம்?"

"ஆரும் எடுக்கல்லம்மா. நான் பாக்கறத அதுவே எடுக்கும்."

"நீ பாத்தது இது இல்லியே மக்கா. இது கடல்ல நின்னு பாத்தது." படத்தின் அடியில் சாய்ந்து கிடந்த கறுப்புப் பட்டையை விரலால் தொட்டாள். "இன்னா, வள்ளத்துக்க முன்பக்கம்."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ திரும்பிப் பாத்தியா?" என்றாள்.

"இல்லம்மா."

மறுநாள் காலையில் அவளே சாமியாரைப் பார்த்து, சூசைக்குப் பூசை வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அத்தனை மாதமும் அழாததை எல்லாம் அழுதாள்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கணினி தெரிந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். பல வருடம் கழித்து அந்த முழு விளையாட்டை இணையத்தில் இருந்து இறக்கி, கடைசிவரை ஆடினேன். கதவுக்கு அப்பால் காடு இருக்கிறது, காட்டைத் தாண்டி ஒரு சந்தை இருக்கிறது. கடல் எங்கேயுமே இல்லை.

அந்தப் படம் இப்போதும் என் போனில் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். வந்து காட்டித் தருகிறேன் என்றவன் சொன்னபடி வந்திருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். வந்தவன் என் முதுகைத்தான் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.