படகு எண்ணெயில் தண்ணீர்

பட்டுப் புடவை கட்டிக்கொண்டு யாராவது மீன்பிடிப் படகில் ஏறுவார்களா? என் தங்கையின் மாமியார் கமலம் அத்தை தயாராக நின்றார். தலையில் மல்லிகை. கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள்.

பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் துறைமுக ஊரான கிள்ளானில்தான். ஆனால் கடலுக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை! ஏன் என்று கேட்டால், "வேலை இருந்துச்சு" என்பார். சென்ற மாதம் அவருக்கு எழுபது வயது. என்ன வேணும்மா என்று மகன் ரவி கேட்க, "உன் போட்டுல ஒரு ரவுண்டு" என்றாராம்.

ரவியும் என் தங்கை வசந்தியும் பழைய டீசல் போட் ஒன்று வைத்திருக்கிறார்கள். லீவு கிடைத்தால் மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஓட்டுவது ரவி. இன்ஜினைப் பார்த்துக்கொள்வது வசந்தி.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து நானும் போயிருந்தேன். படகுத்துறையில் ஒரே சிரிப்பு, பேச்சு. கிளம்பும் முன் வசந்தி வழக்கம்போல் இன்ஜின் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினாள். துடைத்தாள். மறுபடி விட்டு எடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் தே தாரேக் பால் டீ நிறத்தில் இருந்தது... நுரையோடு!

"தண்ணி கலந்திருக்கு" என்றாள்.

ரவியின் முகம் வாடிவிட்டது. "போன வாரம் நல்ல மழை லா. ஈரம் ஏறியிருக்கும். சின்ன ரவுண்டு போயிட்டு வந்துடலாம்."

"மூடிக்கு அடியில மட்டும் வெள்ளையா இருந்தா ஈரம்னு விட்டுடலாம். இது மொத்த எண்ணெயும் இப்படி இருக்கு. லெவல் வேற ஏறியிருக்கு. நடுக்கடல்ல இன்ஜின் ஜாம் ஆனா என்ன செய்வீங்க?"

அங்கே நடுக்கடல் என்பது பெரிய பெரிய கன்டெய்னர் கப்பல்கள் போகும் பாதை. அவை நமக்காக பிரேக் போடுமா?

"அம்மா எவ்வளவு ஆசையா வந்திருக்காங்க, பாரு!" ரவியின் குரல் உயர்ந்தது.

"அவங்க வந்திருக்கிறதாலதான் சொல்றேன்!" வசந்தியின் குரல் அதைவிட உயர்ந்தது.

நான் கடலை ரசிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில் அக்காவுக்கு வேறென்ன வேலை?

வசந்தி ஒரு கப்பில் கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொண்டு படகுத்துறை முனையிலிருந்த கோப்பிக் கடைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே. கடைக்கார ஆன்டி பழைய பிஸ்கட் டின் மூடி ஒன்றைக் கொடுத்தார். அதை அடுப்பில் சூடாக்கி ஒரு சொட்டு விட்டாள். வெறும் எண்ணெய் என்றால் மெல்லப் புகையும், அவ்வளவுதான். இதுவோ படபடவென்று வெடித்தது.

ரவி வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"தம்பி, ஈர வாழைக்காயை எண்ணெயில போட்டா சட்டி இந்தச் சத்தம்தான் போடும். உன் பொண்டாட்டி சொல்றது சரி. கடல் எங்கேயும் ஓடிப் போயிடாது."

ரவி போய் இன்ஜின் பெட்டியை மூடினார். பொட்டலங்களைக் கோப்பிக் கடையிலேயே பிரித்தோம். அத்தைக்குக் கண் கலங்கியிருந்தது. சம்பல் காரம் என்றார். நம்பினோம்.

மறுநாள் பக்கத்து ஊரான மேருவிலிருந்து இன்ஜின் பழுது பார்க்கும் போர்மேன் மணியம் வந்தார். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் துளியும் குறையவில்லை. அப்படியானால் அது எண்ணெயில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் மேல் பழி போட முடியாது. உள்ளே புகுந்தது கடல் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். அந்த இன்ஜினில் எண்ணெயும் கடல் நீரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடம் ஆயில் கூலர். அதைக் கழற்றி, எண்ணெய் ஓடும் வழியின் ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி மறுமுனையில் காற்றடித்தார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோலத்தான். வரிசையாகக் குமிழிகள்!

"நேத்து ஓட்டியிருந்தா?" ரவி கேட்டிருக்கிறார்.

"பேரிங் தேஞ்சு இன்ஜின் இறுகியிருக்கும் பாஸ். யாராச்சும் வந்துதான் இழுத்துட்டு வரணும்."

புதுக் கூலர் மாட்டி, எண்ணெய் தெளிவாக வரும்வரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். அன்று சாயங்காலம் ரவி எனக்கு போன் செய்தார். "அக்கா, உங்க தங்கச்சிக்கு என்ன வாங்கிக் கொடுத்தா பிடிக்கும்?" கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது?

ஆசை இருக்கிறதே, அது பெரிய வக்கீல். நமக்கு என்ன பதில் வேண்டுமோ அதற்கேற்ற காரணத்தை உடனே எடுத்துக் கொடுத்துவிடும். 'வேண்டாம்' என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருப்பது கொடுப்பினை. அதைக் கேட்டு நிற்க இன்னோர் ஆள் இருப்பது அதைவிடப் பெரிய கொடுப்பினை.

போன ஞாயிறு காலை எல்லோரும் கடலுக்குப் போனோம். லைஃப் ஜாக்கெட்டோடு முன்னால் உட்கார்ந்த அத்தை, அலை தெறிக்கும்போதெல்லாம் சின்னப் பெண்போல் சிரித்தார். ரவி வேகத்தைக் குறைத்தால், "ஏன்டா, நடந்தே போயிடுவேனே!" என்று அதட்டல் வேறு.

கரையில் இறங்கியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி: "ரவி, லங்காவித் தீவுக்கு எப்படிப் போகணும்?"